அத்தையின் 1970 சி10 பிக்கப்: முதல் தடவை கை வைக்கிறேன், எங்கே ஆரம்பிப்பது?

#1 புதுக்கை

எல்லாருக்கும் வணக்கம். வண்டி வேலையில் என் அனுபவம் டயர் மாற்றியது, ஒருமுறை பேட்டரி மாற்றியது. அவ்வளவுதான்.

அத்தையிடம் 1970 ஷெவர்லே சி10 பிக்கப் ஒன்று இருக்கிறது. 250 ஆறு சிலிண்டர் எஞ்சின், ஸ்டியரிங் கழுத்தில் மூன்று கியர். செடி நாற்றங்கால் நடத்திய காலத்தில் தொட்டியும் மண்ணும் ஏற்றி அவங்களே ஓட்டினாங்க. கொட்டகையில் நிறுத்தி 11 வருஷம் ஆச்சு. அவங்களுக்கு 70 வயது முடிய எட்டு மாசம் இருக்கு. அதற்குள் புதுசு மாதிரி ஆக்கி, சொல்லாமல் சாவியைக் கையில் கொடுக்கணும் என்று ஆசை.

போன வாரம் ஆரம்பித்துவிட்டேன். பெயின்ட் ரிமூவரும் கிரைண்டரும் வாங்கி, இடது மட்கார்டையும் இடது கதவையும் வெறும் இரும்பு வரை உரித்தாச்சு. இரண்டு கேள்வி. வெயிலில் மங்காத பச்சை எது? எஞ்சினை ஸ்டார்ட் செய்ய நேராகப் புது பேட்டரி போட்டுப் பார்க்கலாமா?

#2 பழையஇரும்பு

தம்பி, முதலில் அந்த கிரைண்டரைக் கீழே வையுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில்: கூடாது. முதல் கேள்விக்கு ஆறு மாசம் கழித்துப் பதில் சொல்கிறேன்.

புதிதாக வருகிற எல்லாரும் பெயின்ட்டில்தான் தொடங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலை அது, அதனால் ஆசை. ஆனால் பெயின்ட் அடித்த வண்டியில் வெல்டிங் வைத்தால் பெயின்ட் எரியும், பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட் உரியும், எஞ்சினை ஏற்றி இறக்கினால் கீறும். எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்வீர்கள். முதலில் நிற்கணும், அப்புறம் ஓடணும், அழகு கடைசி.

இப்போதைக்கு ஒரு திருப்புளியும் டார்ச்சும் போதும். கதவுக்குக் கீழே நீளமாகப் போகிற ராக்கர் சட்டம், கேபினின் பின்மூலைகள் இரண்டும், கேபின் சேசிஸ் மேல் உட்காருகிற இடங்கள், தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டுநர் கால் வைக்கிற இடம், மட்கார்டின் கீழ்ப்பகுதி. இந்த மாடல் எல்லாவற்றுக்கும் நோய் இங்கேதான். திருப்புளி முனையால் அழுத்துங்கள். 'டக்' என்றால் இரும்பு. 'சொத்' என்றால் உள்ளே ஒன்றும் இல்லை, பெயின்ட்தான் சுவராக நிற்கிறது.

உரித்த இடத்தில் இன்றைக்கே எபாக்சி பிரைமர் அடியுங்கள். வெறும் இரும்பு ஈரக்காற்றில் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும்.

#3 மூன்றாம்கியர்

ஒரு சந்தேகம். வண்டி அத்தையுடையது. அதில் அவங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டீங்களா? இல்லை, நமக்கு அழகாகத் தெரிகிறதைத்தான் செய்யப் போறோமா?

#4 ஸ்பார்க்கு

எஞ்சின் விஷயம் என் பக்கம். 11 வருஷம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டர் போட்டு உலுக்கினால் ரிங் உடையும், ஒட்டிய வால்வு இருந்தால் அதைத் தள்ளுகிற புஷ்ராடு கம்பி வளையும்.

ஆறு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் அளவு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் ஊற்றி நாலைந்து நாள் விடுங்கள். பிறகு கையால் சுற்றிப் பார்க்கணும். வழக்கமாக கிராங்க் முனையில் இருக்கிற போல்ட்டில் பெரிய ஸ்பானர் போடுவோம். இங்கேதான் 250 நம்மை ஏமாற்றும்: பெரும்பாலானவற்றில் அந்த போல்ட்டே கிடையாது, புல்லி வெறுமனே அழுத்திப் பொருத்தியது. ஃபிளைவீல் பல்லை நெம்பித்தான் சுற்றணும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எங்கேயாவது அடைத்தால் பலம் காட்ட வேண்டாம், எதிர்ப்பக்கம் சுற்றி, இன்னும் ஆயில் விட்டு, மறுநாள் பாருங்கள்.

முதலில் ஏர் கிளீனரைத் திறங்கள். எலி குடும்பம் நடத்தியிருக்கும்.

#5 புதுக்கை

முதலில் ஒன்று: தம்பி இல்லைண்ணே, தங்கச்சி.

ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு இருந்தது. கூட்டில் 2009-ஆம் வருஷ செய்தித்தாள் துண்டு. எஞ்சின் ஆறாம் நாள் சுற்றியது! மெதுவாக, ஒரு முழு சுற்று. கொட்டகையில் தனியாக நின்று கைதட்டினேன்.

கெட்ட செய்தி: திருப்புளி வலது ராக்கரில் கைப்பிடி வரை உள்ளே போனது. ஓட்டுநர் பக்கத் தரையில் ஒரு ஓட்டை, என் கைமுட்டி போகும். இடது கேபின் மூலையில் யாரோ முன்பு அரை அங்குலத்துக்குப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். கேபின் தாங்கிகள் இரண்டும் 'டக்'.

அத்தையிடம் கேட்கவில்லை. சொன்னால் சர்ப்ரைஸ் போய்விடும்.

#6 பழையஇரும்பு

மன்னிக்கணும் தங்கச்சி.

தாங்கிகள் நல்லா இருந்தால் இந்த வண்டி பிழைக்கும். மற்றதெல்லாம் தகடு வேலை. ராக்கரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் பெட்ரோல். இந்த மாடலில் டேங்க் எங்கே என்று பார்த்தீர்களா? சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே. 11 வருஷப் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். கேபின் முழுக்க அந்த ஆவி நிற்கும். கதவு இரண்டையும் திறந்து வைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேங்கை வெளியே எடுத்துவிடுங்கள். அது கேபினில் இருக்கிறவரை அங்கே கிரைண்டரும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

"காலி டேங்க்தானே" என்று யாராவது வெல்டிங் வைக்கச் சொன்னால் அந்த ஆளிடமிருந்து தள்ளி நில்லுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் மோசம். உள்ளே இருப்பது திரவம் இல்லை, காற்றோடு கலந்த ஆவி.

ரப்பர் ஹோஸ் எல்லாம் மாற்றுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் கால ரப்பரைக் கரைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கணும்.

#7 வெல்டிங்பொறி

ராக்கர் பற்றி நான் சொல்கிறேன், இதில் சூடு பட்டவன்.

வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்காக இரும்புக் குழாய் வைத்துப் புள்ளி வெல்டிங் போடுங்கள். ராக்கர்தான் கேபினின் இடுப்பு. அதை எடுத்ததும் கேபின் சில மில்லிமீட்டர் இறங்கும், புதுத் தகடு போட்டு முடித்த பிறகு கதவு சாத்தாது. என் முதல் வண்டியில் மேலே விரல் போகிற இடைவெளி, கீழே காகிதம் போகாது. எல்லாவற்றையும் திரும்ப வெட்டினேன். புதுத் தகட்டைப் புள்ளி புள்ளியாக ஒட்டியதும், கதவை மாட்டிச் சாத்திப் பார்த்து, பிறகுதான் முழு வெல்டிங்.

தகடு 1 மில்லிமீட்டர் சுமார்தான். மிக் வெல்டரில் 0.6 மில்லிமீட்டர் கம்பி. கோடு இழுக்காதீர்கள், நெளிந்துவிடும். ஒரு புள்ளி, கையளவு தள்ளி இன்னொரு புள்ளி, தொட்டால் சுடாத வரை பொறுமை, பிறகு இடையில். மூன்று மணி நேரத்தில் ஒரு அடி நகர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

உயிர் விஷயம் ஒன்று. வெல்டிங் வைக்கும் இடத்தைத் துடைக்க குளோரின் உள்ள பிரேக் கிளீனர் அடிக்காதீர்கள். வெல்டிங் வெப்பத்தில் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகு.

#8 புதுக்கை

ஒன்றரை மாசம் கழித்து வருகிறேன். நல்லது, கெட்டது, அவமானம் மூன்றும் இருக்கிறது.

நல்லது: ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது காற்றழுத்தம், பார்த்தேன் (psi கணக்கில்). 120, 125, 118, 122, 85, 121.

கெட்டது: பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்தம் செய்யக் கழற்றினேன். குறி வைக்காமல். ஆமாம், தெரியும். திரும்ப மாட்டி, வயர் வரிசை 1-5-3-6-2-4 என்று மூன்று தடவை சரிபார்த்து, தனிக் கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்து ஸ்டார்ட் செய்தேன்.

அவமானம்: கார்பரேட்டர் வழியாக வெடித்தது. துப்பாக்கி மாதிரி. அத்தை வீட்டிலிருந்து ஓடி வந்துட்டாங்க. சர்ப்ரைஸ் அன்றோடு முடிந்தது.

#9 ஸ்பார்க்கு

ஹாஹா. பலருக்கும் முதல் சத்தம் அதுதான். இனிமேல் கார்பரேட்டர் மேல் ஏர் கிளீனர் இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள், பக்கத்தில் தீயணைப்பான் வையுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி மாறி உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. அதனால் புல்லியில் குறி சேர்ந்ததை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒன்றாம் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை வைத்து எஞ்சினைச் சுற்றுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வரும், அப்போது புல்லிக் குறி சேர வேண்டும். அந்த நிலையில் ரோட்டர் ஒன்றாம் வயரைப் பார்க்கணும். அப்புறம், அது முழுக்கக் கீழே இறங்கி உட்காரவில்லை என்றால் கிளாம்ப் போட்டு இறுக்கி உட்கார வைக்காதீர்கள். அடியில் ஆயில் பம்பின் தண்டு அதே முனையில்தான் சேர்கிறது. நீளத் திருப்புளியால் பம்பு தண்டைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற தொடுமுனைதான் பாயின்ட். அது புதுசு என்றால் இடைவெளி 0.019 அங்குலம், பழசு என்றால் 0.016. பிளக் 0.035. பாயின்ட் முனையில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத்தாள் போடாமல் பாயின்ட் ஃபைலால் இரண்டு தேய்ப்பு.

அந்த 85: ஐந்தாம் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப எடுங்கள். ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு.

#10 புதுக்கை

87. அப்படியென்றால் வால்வு.

ஆனால் எஞ்சின் ஓடுகிறது!! டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்ததும் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. புகை, எலிக்கூடு நாற்றம், எல்லாம் சேர்த்து பத்து நிமிஷம். அத்தை கதவோரமாக நின்று கேட்டுவிட்டு, "அஞ்சாவது எப்பவும் கொஞ்சம் இருமும்" என்றாங்க. நான் அவங்களிடம் நம்பர் எதுவும் சொல்லவே இல்லை.

#11 பழையஇரும்பு

அத்தையை இந்த இழைக்குக் கூட்டிவாருங்கள். எங்களுக்கு வேலை மிச்சம்.

ஓடவிட்டு வாருங்கள், நின்று நின்று வால்வு உட்காருமிடத்தில் துரு படிந்திருக்கும். ஓட ஓடத் தேறலாம். தேறாவிட்டால் சிலிண்டர் தலையைக் கழற்றலாம், அதுவரை தொடாதீர்கள். என்ன ஆயில் என்று மட்டும் கேட்க வேண்டாம், அதை எழுதினால் இந்த இழை அங்கேயே நின்று பத்துப் பக்கம் சண்டையாகும்.

அடுத்து பிரேக். இதைச் சரியாக முடிக்காமல் வண்டி கொட்டகை வாசலைத் தாண்டக் கூடாது. ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் கை. செங்கல், சிமென்ட் கல் எதுவும் வேண்டாம், சொல்லாமல் உடையும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் கால பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

உங்கள் வண்டி 1970 என்பதால் நாலு சக்கரமும் டிரம். முன்னால் டிஸ்க் அடுத்த வருஷம்தான் வந்தது. பெடல் அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை கொண்டதாக இருக்கும், ஒன்று கசிந்தாலும் இன்னொன்று நிறுத்தும். இரும்புக் குழாய்கள் துருத்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். நிக்கல் கலந்த செம்புக் குழாய் கையால் வளையும், புதியவர்களுக்கு அது நல்லது.

#12 புதுக்கை

இரண்டு வாரம் கழித்து. மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், குழாய், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் புதுசு. மாஸ்டரை முதலில் வைஸில் பிடித்துக் காற்று எடுத்தேன், பிறகு தூரச் சக்கரத்திலிருந்து வரிசையாக: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. அத்தைதான் பெடல் மிதித்தாங்க. "மிதி", "பிடி", "விடு" என்று நான் கத்த, மூன்றாவது சக்கரத்தில் "நீ கத்தாமலே எனக்குத் தெரியுது" என்று சொல்லிட்டாங்க.

பெடல் கல்லு மாதிரி இருக்கு. ஆனால் கொட்டகைக்குள் இரண்டடி உருட்டி நிறுத்தினால் பின்பக்கம் இடது சக்கரம் உடனே இறுகுது, வலது சும்மா சுற்றுது. ஏன்?

#13 ஸ்பார்க்கு

இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே நேரத்தில் பிரித்தீர்களா?

#14 புதுக்கை

ஆமா.

#15 ஸ்பார்க்கு

அதான். ஒரு டிரம்மில் இருக்கும் இரண்டு ஷூவும் ஒன்று அல்ல. லைனிங் குட்டையாக இருப்பது முன்பக்கம், நீளமாக இருப்பது பின்பக்கம். குட்டை இரண்டையும் ஒரு சக்கரத்தில், நீளம் இரண்டையும் மறு சக்கரத்தில் போட்டிருப்பீர்கள். இன்னொன்று: ஷூ இடைவெளியைச் சரிசெய்கிற பல்சக்கர அட்ஜஸ்டருக்கு இடது, வலது என்று மரை தனித்தனி. மாறிப்போனால் ஒவ்வொரு தடவை பின்னால் எடுத்து பிரேக் பிடிக்கும்போதும் இறுகுவதற்குப் பதில் தளரும்.

எப்போதும் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். மறுபக்கம்தான் உங்கள் படப்புத்தகம்.

#16 புதுக்கை

இரண்டுமே நடந்திருந்தது. ஷூவும் மாறி, அட்ஜஸ்டரும் மாறி. சரி செய்தாச்சு. இப்போது நாலும் ஒன்றாகப் பிடிக்கிறது.

பெரிய கேள்வி இனிமேல்தான். அத்தைக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது. கொட்டகையில் உட்கார்ந்து கிளட்ச் மிதித்துப் பார்த்தாங்க, பாதி போனதும் முகம் மாறிடுச்சு. ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிப் போயிட்டாங்க. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாற்றலாமா?

#17 வெல்டிங்பொறி

மாற்றுங்கள். யோசிக்கவே வேண்டாம். ஓட்ட முடியாத வண்டி எதற்கு, பார்த்துக்கொண்டே இருக்கவா? இந்த எஞ்சினுக்கு ஷெவர்லே ஆட்டோமேட்டிக் பொருந்தும். பெடல், டிரான்ஸ்மிஷன் தாங்கி, பின்சக்கரத்துக்குப் போகிற கார்டன் ஷாஃப்ட் நீளம், ஸ்டியரிங் கழுத்து, ரேடியேட்டரில் ஆயில் குளிரூட்டி. வேலை இருக்கு, ஆனால் முடியாத வேலை இல்லை.

#18 மூன்றாம்கியர்

எதிர்க்கிறேன். என் புனைபெயரைப் பார்த்தாலே தெரியும். கழுத்தில் கியர் இருக்கிற வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. தன்பக்கம் இழுத்துக் கீழே முதல் கியர், தள்ளி மேலே இரண்டு, அப்படியே கீழே மூன்று. அவங்க கை அதைத்தான் நினைவு வைத்திருக்கும். ஆட்டோமேட்டிக் போட்டுக் கொடுத்தால் அது அவங்க வண்டி இல்லை, அதே பச்சை நிறத்தில் வேறொரு வண்டி.

#19 வெல்டிங்பொறி

கை நினைவு வைத்திருக்கும். முழங்காலும் நினைவு வைத்திருக்கும், அதுதானே பிரச்சினை.

#20 பழையஇரும்பு

இரண்டு பேரும் பொறுங்கள். கிளட்ச் உண்மையிலேயே கனமா, இல்லை எங்காவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? இதில் ஹைட்ராலிக் கிடையாது. பெடலிலிருந்து கம்பி, அது எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே குறுக்காக இருக்கிற ஒரு தண்டைத் திருப்பும், அந்தத் தண்டு இன்னொரு கம்பி வழியாக கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளும். எல்லா மூட்டிலும் புஷ், அதாவது இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க ஒரு வளையம். 11 வருஷம் கிரீஸ் இல்லை.

கடைசிக் கம்பியை ஃபோர்க்கிலிருந்து கழற்றிவிட்டுப் பெடலைக் கையால் அழுத்துங்கள். இப்போது கிளட்ச் ஸ்பிரிங்கே சம்பந்தப்படவில்லை. ஒரு விரலுக்குப் போகணும். போகாவிட்டால் நீங்கள் மாற்ற வேண்டியது கியர்பாக்ஸ் இல்லை.

#21 புதுக்கை

அண்ணே.

கம்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பெடல் நகர்ந்தது. குறுக்குத் தண்டை வெளியே எடுத்தேன். உள்ளே கிரீஸ் கல்லாகி இருந்தது, ஒரு பக்கத்து புஷ் பாதிதான் மிச்சம், இரும்பும் இரும்பும் உரசி வாய்க்கால் விழுந்திருக்கு. புது புஷ், புது கிரீஸ், ஃபோர்க் உட்காருகிற குமிழுக்கும் கொஞ்சம் கிரீஸ். பெடலில் ஒரு அங்குலம் சும்மா போகிற அளவுக்கு வைத்துச் சரிசெய்தேன்.

அத்தை ஏறி மிதிச்சாங்க. மறுபடி மிதிச்சாங்க. பத்து தடவையாவது இருக்கும். "இது நான் கடைசியா ஓட்டினப்பவே இப்படி இல்லையே" என்றாங்க. அப்படியென்றால் அவங்க வண்டியை நிறுத்தியதே இதனால்தானா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

#22 வெல்டிங்பொறி

தோற்றேன். சந்தோஷமாகத் தோற்றேன். ஆனாலும் டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் எங்கும் ஓடிவிடாது.

#23 புதுக்கை

ராக்கர், தரை, கேபின் மூலை எல்லாம் முடிந்தது. ராக்கருக்கு நாலு வார இறுதி. குறுக்குக் குழாய் வைத்ததால் கதவு சாத்துது. என் வெல்டிங் பறவை எச்சம் மாதிரி இருக்கு, ஆனால் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன், பிடிக்குது. உள்பக்கம் எல்லாம் மெழுகுத் திரவம் அடித்தாச்சு.

இப்போ ஒன்று சொல்லணும். மூன்றாம்கியர் அண்ணன் இரண்டு மாசம் முன்னாடி கேட்ட கேள்வியை நேற்றுதான் அத்தையிடம் கேட்டேன்: வண்டி எப்படி இருக்கணும்? அவங்க வலது கதவைக் காட்டினாங்க. மங்கிப்போன பச்சைக்கு மேலே, கையால் எழுதிய வெள்ளை எழுத்து. நாற்றங்கால் பெயர், கீழே பழைய போன் நம்பர். தூசியில் நான் சரியாகப் பார்த்ததே இல்லை. எழுதினது மாமா.

இடது கதவிலும் அதேதான் இருந்திருக்கு. அதைத்தான் முதல் வாரமே கிரைண்டர் போட்டு உரித்தேன்.

#24 மூன்றாம்கியர்

அத்தை என்ன சொன்னாங்க?

#25 புதுக்கை

கொஞ்ச நேரம் பிரைமர் அடித்த கதவையே பார்த்தாங்க. அப்புறம், "அந்த நம்பருக்குக் கூப்பிட்டா இப்ப யாரு எடுக்கப்போறா, விடு" என்றாங்க. அதோடு உள்ளே போயிட்டாங்க. ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

வலது கதவை மட்டும் எப்படிக் காப்பாற்றலாம்? இடது கதவில் திரும்ப எழுதலாமா?

#26 பழையஇரும்பு

வலது கதவை மென்மையான சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பாலிஷ் பேஸ்ட் எழுத்தின் மேல் வேண்டவே வேண்டாம், வெள்ளையும் கையோடு வந்துவிடும். காய்ந்ததும் மெழுகு, மெல்லியதாக, வருஷத்துக்கு இரண்டு முறை. மேலே கிளியர் கோட் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் அடிக்க மாட்டேன். சாதாரண மெழுகைத் துடைத்து எடுக்கலாம், கிளியர் கோட்டை எடுக்க முடியாது.

இடது கதவுக்கும் மட்கார்டுக்கும் வலது பக்கத்து மங்கலுக்கு ஒத்துப்போகிற பச்சை கலக்கலாம், பளபளப்பு குறைத்து. வீட்டில் ஸ்பிரே செய்வதென்றால் ஒற்றைப் பாக பெயின்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹார்ட்னர் கலக்கிற இரட்டைப் பாக பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கு, அதற்கு வெளிக்காற்று குழாயோடு வருகிற முகமூடி வேணும், சாதாரண முகக்கவசம் போதாது.

எழுத்தை நகல் எடுப்பது பற்றி எனக்குக் கருத்து இல்லை. அது அவங்க கதவு.

#27 புதுக்கை

பச்சை அடித்தாச்சு. பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும், பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. இடது கதவைச் சும்மா விடச் சொல்லிட்டாங்க.

பிறந்தநாளுக்கு ஆறு வாரம் முன்னாடியே வண்டி தயார். ஐந்தாம் சிலிண்டர் இப்போது 112. இன்னும் இருமுது, லேசாக.

ஒரே ஒரு குறை. டேங்க் சுத்தம் செய்து மாட்டியதிலிருந்து பெட்ரோல் முள் எப்போதும் ஃபுல்லையும் தாண்டி நிற்குது. பத்து லிட்டர்தான் ஊற்றினேன். மீட்டர் போச்சா?

#28 ஸ்பார்க்கு

மீட்டர் பெரும்பாலும் போயிருக்காது. டேங்க் மிதவையின் தடை காலியில் 0 ஓம், நிறைந்தால் 90. வயர் விட்டுப்போனால் மீட்டருக்கு அது முடிவில்லாத தடை, அதனால் முள் ஃபுல்லைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொள்ளும். டேங்குக்குப் பெயின்ட் அடித்தீர்களா? எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் மாட்டுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

அதுவரை முள்ளை நம்பி வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

#29 புதுக்கை

அத்தை காலையிலேயே எடுத்துட்டுப் போயிட்டாங்க. வந்ததும் சுரண்டுறேன். கேனோட நான் சைக்கிள்ல கிளம்புறேன்.